ஒன்பதாம் படம்

அன்றைக்கு நூலக மாடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. ஆள் கணக்கு முடியாமல் எனக்குப் பேச்சு வராது. துறைமுகத்தில் மூட்டை எண்ணியே ஓய்வு பெற்றவன், பழக்கம் விடவில்லை. நூலகர் எப்சிபா மேடம். கூட்டிப் பெருக்குகிற காசியம்மாள். தலைமை தாங்க வந்த பேராசிரியர் டேனியல் ஆசீர். கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். கேமரா சங்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர், ஆண் இரண்டு, பெண் இரண்டு. தினமும் பேப்பர் படிக்க வரும் தையல்காரர் முத்துமாலை. என் பக்கத்து வீட்டுக் குமரேசன், அவர் சம்சாரம். நான். பதினொன்று ஆகிறதா? பன்னிரண்டாவது என் வீட்டுக்காரி சந்திரபுஷ்பம். அவளைக் கடைசியில் சொன்னதற்கு வேறு காரணம் இல்லை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் கேட்டது இந்தப் போனின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்லைடைப் பற்றி. நான் எங்கேயோ போய்விட்டேன். ஆனால் இதைச் சொன்னால் அதுவும் வரும், அது வந்தால் வெட்கமும் வரும். ஆறுமுகநேரி போய்ச் சேருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். கூடையை வேண்டுமானால் என் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள், கடைசி சீட்டு, குலுக்கும்.

இது பெண்கள் தலையில் குத்துகிற சாதாரண ஸ்லைடுதான். அதன் வளைவில் கவ்விக்கொண்டிருக்கிறதே, உளுந்து அளவில், அதுதான் லென்ஸ். கடையில் வாங்கியது இல்லை. பழைய டிவிடி பிளேயருக்குள் தட்டைப் படிக்கிற கண் ஒன்று இருக்கும். காயலாங்கடையில் செத்த பிளேயர்கள் குவிந்து கிடக்கின்றன, யாருக்கும் வேண்டாம். மேல் மூடியின் திருகுகளைக் கழற்றினால் உள்ளே தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி, அதில் நகர்கிற ஒரு கட்டை, கட்டையின் உச்சியில் இந்தக் கண். சாய்த்துப் பார்த்தால் மயில்கழுத்து நிறம் அடிக்கும். குண்டூசியால் ஓரத்துப் பசையை நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் கீறல் விழும். நான் அவசரப்படுகிறவன் இல்லை. பதினான்கு பிளேயர் வாங்கினேன், பதினான்கு லென்ஸ் எடுத்தேன், ஒன்றிலும் கீறல் கிடையாது.

ஸ்லைடில் அதைச் செருகிப் போன் கேமராவின் மேல் டேப்பால் ஒட்டினால் முடிந்தது. பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு அரிசி இடைவெளிதான் இருக்க வேண்டும். மூச்சை விட்டால் படம் கலங்கிவிடும். இதோ, உங்கள் கூடைப் பிரம்பைப் பாருங்கள். பனைமரம் மாதிரி தெரிகிறதா? பிடித்திருக்கிறதா? இறங்கும்போது உங்களுக்கும் ஒன்று தருகிறேன். டப்பாவில் இருக்கிறது.

ஸ்லைடு யாருடையது என்றா கேட்கிறீர்கள்? அவளுடையதுதான். சந்தையில் ஓர் அட்டை வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒன்றாக எடுத்தேன். அவளுக்குத் தெரியும். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு எனக்குக் கேட்கிற மாதிரி, "இந்த வீட்டுல ஸ்லைடு திங்கற காக்கா ஒண்ணு வளருது" என்பாள். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டாள். கேட்டிருந்தால் தந்திருப்பாள். தந்துவிடுவாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வந்த ஒரே பழக்கம் இது. நாலு பேரோடு உட்கார்ந்து பேச எனக்கு வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன், கூட்டத்தில் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஈயோடும் எறும்போடும் பேச வேண்டியது இல்லை. அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்: "ஈ காலுல எத்தன முடின்னு கேளுங்க, டக்குனு சொல்லுவாக. ரேஷன்ல என்னைக்குச் சீனி போடுதான்னு கேளுங்க, முழிப்பாக." சரிதான். ஈயின் காலை நான் எண்ணியிருக்கிறேன்.

நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போனபோது எப்சிபா மேடம் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டார். "ஐயா, இதை மாடியில ஒரு நாள் மாட்டுவோம்" என்றார். நான் வேண்டாம் என்றேன். "நீங்க பேசவே வேணாம், ஐயா. படத்துக்குக் கீழ நம்பர் மட்டும் போடுவோம். அது என்னன்னு வர்றவங்க சீட்டுல எழுதிப் போடட்டும். கடைசியில நான் விடையைப் படிக்கிறேன்" என்றார். நான் பேச வேண்டாம் என்றதால் சம்மதித்தேன்.

ஒன்பது படம். ஈயின் கண், வாழை இலை நரம்பு, போன் திரை, பட்டுப்பூச்சி இறகு, இப்படி. மூன்றாவது படம் கல் உப்பு. அதற்கு உப்பு தேர்ந்தெடுத்தது சந்திரபுஷ்பம். அவள் இருபத்திரண்டு வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவள். அதோ, ஜன்னலுக்கு வெளியே முள்ளக்காட்டுப் பக்கம் வெள்ளையாகக் குவிந்திருக்கிறதே, அந்த மாதிரி அளத்தில்தான். அடுப்படி உப்பு ஜாடியைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு கல்லாக வெயிலில் பிடித்துப் பார்த்து, "இது வேணாம், மூக்கு ஒடஞ்சிருக்கு. இது அழகி. இவளை எடுங்க" என்று ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நான் படம் எடுத்து முடிக்கும் வரை கையை அசைக்கவில்லை. போனில் பார்த்துவிட்டு, "மாடி வீடு மாதிரில்லா இருக்கு, படி படியா" என்றாள். ஆறுமுகநேரியில் இருக்கிற தன் தங்கச்சி ராமக்கனிக்குப் போன் போட்டு, "எங் கல்லைச் சுவத்துல மாட்டுதாக" என்று சொன்னாளாம். அன்றைக்கு மாம்பழக் கலர் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மகள் கல்யாணத்துக்குப் பிறகு அதை அவள் வெளியே எடுத்ததில்லை.

ஒன்பதாவது படம். அதற்குத்தான் வருகிறேன்.

அது நானாகத் தேடிப் போய் எடுத்தது இல்லை. ஒரு மத்தியானம் பின்வாசல் பக்கம் பாய் போட்டு அவள் படுத்திருந்தாள். கால் மட்டும் வெயிலில். நான் ஓர் எறும்பைப் போனோடு துரத்திக்கொண்டு போனேன். எறும்பு பாயில் ஏறி, அவள் இடது குதிகாலில் ஏறியது. நானும் போனேன். எறும்பு போய்விட்டது. திரையில் பார்த்தால், எறும்பு நடந்த தரை இருக்கிறதே, அப்படி ஒரு தரையை நான் பார்த்ததே இல்லை. பாளம் பாளமாக வெடிப்பு. வெடிப்புக்குள் சரிவு, சரிவுக்குள் இன்னொரு வெடிப்பு. அடியில் வெள்ளையாக ஒரு கோடு. உப்போ என்று நினைத்தேன். அளத்தை விட்டு ஆறு வருஷம் ஆகிறதே, உப்பு எப்படி இருக்கும்? அது தோல்தான். பெரிய வெடிப்பு மட்டும் பதினேழு எண்ணினேன்.

அவள் தூக்கத்திலேயே, "என்னங்க, கொசுவா?" என்றாள்.

"இல்லை, எறும்பு" என்றேன். பொய் இல்லை. எறும்பு இருந்தது.

அந்தப் படம் சுவருக்குப் போவதை நான் அவளிடம் சொல்லவில்லை. கேட்டால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது என்றால், என்னைத் தவிரப் பதினொரு பேரும் சீட்டு எழுதினார்கள், விடைத்தாளை அதுவரை பிரிக்காத மேடமும் சேர்த்து. மூன்றாம் படத்தின் முன்னால் சந்திரபுஷ்பம் கொஞ்ச நேரம் நின்றாள். காசியம்மாளைக் கூப்பிட்டு, "இது நம்ம கல்லு" என்று காதில் சொன்னாள். விடையைச் சொல்லக் கூடாது என்பது விதி. நான் கண்ணைக் காட்டினேன், வாயை மூடிக்கொண்டாள். எழுத வராது என்பதால் அவளுடைய சீட்டை எப்சிபா மேடம் எழுதினார்.

எட்டுப் படத்துக்கும் விடை படித்தாயிற்று. ஒன்பதாம் படம் வந்ததும் பேராசிரியர் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். "இதுக்குச் சீட்டே வேண்டாம். இந்த ஊர்ல பிறந்தவனுக்கு இது தெரியாதா? உப்பளத்துப் பாத்தி. தண்ணி வத்தி, வெயில்ல வெடிச்சுக் கெடக்கு. நம்ம மண்ணோட முகம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சந்திரபுஷ்பமும் எழுந்து நின்று தட்டினாள். எப்சிபா மேடம் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "நம்ம அக்காவும் பாத்தின்னுதான் சொல்லியிருக்காங்க. இருபத்திரண்டு வருஷ அனுபவம்ல!" என்றார். அதற்கு இன்னொரு கைதட்டல். இவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மேடம் கையில் நான் கொடுத்த விடைத்தாள் இருந்தது. அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மடித்தார். மடித்து, "ரொம்ப நல்லது, எல்லாருக்கும் டீ இருக்கு" என்றார்.

தங்கச்சி, கப்பலில் மூட்டை ஏற்றும்போது ஒரு எண்ணிக்கை தப்பாகப் போனால், அது கப்பலோடு போய்விடும். பிறகு கடலில் நின்று கத்தினாலும் திரும்பாது. பதினொரு சீட்டு, பதினொன்றும் தப்பு. அதற்குக் கைதட்டல் வேறு. மேடமும் படிக்காமல் விட்டுவிட்டார். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மைக்கைப் பிடித்தேன். என் ஆயுசில் முதல் தடவை.

"மன்னிக்கணும். இது பாத்தி இல்லை. இது என் வீட்டுக்காரியின் இடது குதிகால்" என்றேன். அப்படியும் நம்பாமல் போய்விடுவார்களோ என்று, "அதோ கடைசி நாற்காலி" என்றேன்.

இதுதான் என் வெட்கம். அவ்வளவு படித்த மனிதர், தலைமை தாங்க வந்தவர், நமக்காகப் பஸ் ஏறி வந்தவர், அவரைச் சபை நடுவில் தப்பு என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் எப்படிப் போனது தெரியுமா? சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. கீழே இறங்கும்போது குமரேசன் என் தோளில் கை வைத்து, "பேராசிரியர் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டீரே, அண்ணாச்சி. மனுசன் டீ கூடக் குடிக்கல" என்றார்.

அவளா? அவள் அப்போது என்ன செய்தாள் என்றா?

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சுவரைப் பார்த்துவிட்டு அவள் காலைப் பார்த்தார்கள். அவள் கைதட்டின கை அப்படியே சேர்ந்திருந்தது, கும்பிடுகிற மாதிரி. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்தாள். பிறகு மாற்றி வைத்தாள். பிறகு சேலை விளிம்பை இழுத்து இழுத்துக் கீழே விட்டாள். எறும்பு கடித்திருக்கும். டீக்குச் சர்க்கரை கொண்டுவந்து வைத்திருந்தார்கள், மாடியில் எறும்பு உண்டு.

அப்புறம் கேமராப் பிள்ளைகளில் ஒரு பெண் அவளிடம் போனாள். நல்ல பிள்ளை. "ஆன்ட்டி, ஒரே நிமிஷம், காலைக் கொஞ்சம் தூக்கி நாற்காலியில வைங்க. படத்தையும் உங்க காலையும் சேர்த்து எடுக்கணும்" என்றாள். சந்திரபுஷ்பம் என்னைப் பார்த்தாள். நான் போய் அந்தப் பெண்ணிடம் ஸ்லைடோடு ஒரு லென்ஸைக் கொடுத்தேன். ஓர் அரிசி இடைவெளி வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அது தெரியாமல் எடுத்தால் படம் வராது. மற்ற மூவரும் கேட்டார்கள், அவர்களுக்கும் கொடுத்தேன். பிறகு மேடம், தையல்காரர், குமரேசன். மொத்தம் ஏழு போயிற்று.

அவள் காலைத் தூக்கி வைத்தாளா என்றா? வைத்தாள். கேட்டார்கள், வைத்தாள். நாலு பேரும் எடுத்து முடிக்கிற வரை அசைக்கவில்லை. உப்புக் கல்லை நீட்டினபோது கையை எப்படி வைத்திருந்தாளோ, அப்படி. பிறகு காலை இறக்கினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் நான் எழுந்தபோது மாம்பழக் கலர் சேலை கொடியில் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது, அவள் இல்லை.

அவள் மானஸ்தி, தங்கச்சி. பெரியவர்களை மதிக்கிறவள். புருஷன் ஒரு பேராசிரியரைச் சபையில் மறுத்துப் பேசினதை அவளால் தாங்க முடியவில்லை. அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

ராமக்கனிக்குப் போன் போட்டேன். "அத்தான், அக்கா இங்கனதான் இருக்கா. நல்லாத்தான் இருக்கா. போனைக் குடுத்தா வாங்க மாட்டேங்கா" என்றாள்.

"என்ன செய்கிறாள்?" என்று கேட்டேன்.

"எம் மருமகன் ஷூவுக்குப் போடுற சாக்ஸை மாட்டிக்கிட்டு அடுப்படியில நிக்கா."

"சித்திரை வெயிலில் சாக்ஸ் எதற்கு?"

"அத நீங்களே வந்து கேட்டுக்கிடுங்க, அத்தான்" என்று வைத்துவிட்டாள். ஆறுமுகநேரியில் கொசு அதிகம். அதற்காக இருக்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். மனிதர் பதறிவிட்டார். "எதுக்கு, தனுஷ்கோடி? உள்ள வாங்க" என்றார். நான் போனை நீட்டி, மன்னித்துவிட்டதாக இதில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். காக்கை கத்திவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இதோ, கேளுங்கள். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்ல படம். வீட்ல அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க. அவங்க..." அதற்குமேல் ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். பரவாயில்லை, இவ்வளவு போதும். இதைப் போட்டுக் காட்டினால் அவள் என்னோடு வந்துவிடுவாள். வராவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் வராமல் இருந்தது இல்லை.

முக்காணிப் பாலம் வந்துவிட்டது. ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது, பார்த்தீர்களா?

அந்தப் படத்தைப் பார்க்கிறீர்களா? இதில் இருக்கிறது. இதோ. வெளிச்சத்தில் சாய்க்காமல் பிடியுங்கள். இந்த மூலையில் இருக்கிறதே, அதுதான் பெரிய வெடிப்பு. விரலை வைத்து விரித்தால் இன்னும் பெரிதாகும்.

என்ன, திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்?

அவளுக்கா? காட்டவில்லை. சுவரில்தான் முதலில் பார்த்தாள். கேட்கவும் இல்லை. அதைத்தான் சொன்னேனே, கேட்டால் சரி என்றுதான்...

காலை ஏன் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொள்கிறீர்கள், தங்கச்சி? எறும்பா? இருங்கள், கூடையை நகர்த்துங்கள். கூடையில் இருக்கிற வெற்றிலைக் காம்புக்கு எறும்பு வந்திருக்கும். நான் பார்க்கிறேன். அசையாதீர்கள்.

எறும்பு இல்லை.

நல்லாப் பார்த்துவிட்டேன். இந்தப் பக்கமும் இல்லை. ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கும் இருந்திருக்காது.

இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டாம். குனிந்து நிமிர்ந்ததில் தலை சுற்றிவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் காலை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. நான் பார்க்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

அவள் கை தட்டினாளே. பாத்தி என்று நினைத்துக் கை தட்டினாளே.

ஆத்தூர் தாண்டிவிட்டதா? அடுத்தது என் நிறுத்தம். இந்தப் பேராசிரியர் பேச்சை எப்படி அழிப்பது என்று உங்களுக்குத் தெரியுமா? இதை அழுத்திப் பிடித்தால் குப்பைத்தொட்டி வரும், ஆமாம். அப்படியே அந்தப் படத்தையும். கேட்கிறது பாருங்கள், நிச்சயமா என்று. போன்கூடக் கேட்கிறது.

தங்கச்சி, ஒரு மன்னிப்பு. இறங்கும்போது உங்களுக்கு ஒன்று தருகிறேன் என்று சொன்னேன். லென்ஸை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், அது காயலாங்கடையது. ஸ்லைடைத் தர முடியாது. அது அவளுடையது, நான் கேட்காமல் எடுத்தது. இப்படி ஸ்லைடின் காலைக் கொஞ்சம் விரித்தால் கண்ணாடி விழுந்துவிடும். விழட்டும். உருண்டு போகட்டும், தேட வேண்டாம். டப்பாவில் இருப்பதையும் கழற்றிவிடுகிறேன். போன் முதுகில் இருப்பதையும். டேப் பசை கொஞ்சம் இருக்கிறது, நகத்தால் சுரண்டினால் போய்விடும். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். உள்ளே கூப்பிட்டால் போகிறேன். கூப்பிடாவிட்டால் இவற்றை மட்டும் ராமக்கனியிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ் ஏறுகிறேன்.

கண்டக்டர், ஆறுமுகநேரி இறங்கணும்.

எண்ணிவிட்டேன். எடுத்தது பதினான்கு. ஊராருக்குக் கொடுத்தது ஏழு. மீதி ஏழு.